நடுநிலை மூலை

சுவரொட்டி அச்சடித்த மெர்ட்டன்ஸ்
தொலைபேசியில் இரண்டு முறை கேட்டான்:
"எண் ஏதாவது விட்டுப்போயிற்றா?"
இடப்பக்கம் சாம்பியன் லெமுவல் ட்ராஸ்க்,
ஐம்பத்திரண்டு சண்டை, நாற்பத்தொன்பது வெற்றி.
வலப்பக்கம் எங்கள் ஒலாவி ரந்தாலா.
இரண்டு சண்டை.
இரண்டும் டுலூத்திலேயே.
அதில் ஒருவனுக்கு அன்று பல்வலி.

வெற்றிடம் கண்ணை உறுத்தியதால்
உயரம் போட்டான் மெர்ட்டன்ஸ், எடை போட்டான்,
கை நீளம், மார்புச் சுற்றளவு,
கடைசியில் காலணி அளவையும் போட்டான்.
பதினைந்து.
ஆழம் தெரியாமல் காலை விடுகிறான் என்றார்கள்.
அந்தக் காலைப் பார்த்தால்
ஆழமும் கொஞ்சம் யோசிக்கும் என்றேன் நான்.

தாதுத்துறையில் அவனும் நானும் ஒரே ஷிஃப்ட்.
குளிரில் உறைந்துபோன இரும்புத்தாதை
நீளக் கம்பியால் குத்திக் குத்தி
சரக்குப் பெட்டியிலிருந்து உதிர்க்கும் வேலை.
ட்ராஸ்குக்குக் கோடையில் பெரிய சண்டை.
அதுவரை கை துருப்பிடிக்காமல் இருக்க
யாராவது ஒருவன் வேண்டும்.
ஏற்பாட்டாளர் பைக் வந்து பார்த்தார்.
"ஆள் பார்க்க ஆள் மாதிரி இருக்கிறான்" என்றார்.
அவ்வளவுதான் தேர்வு.

ஆறு வாரம் பழக்கினோம்.
விழக் கற்றுக்கொடுத்தோம்:
நாடி மார்பில், முழங்கை தரையில் படாமல்.
எட்டு எண்ணும்வரை
ஒரு முழங்காலில் ஓய்வெடுக்க,
எழுந்ததும் நடுவர் கண்ணைப் பார்க்க,
பெயர் கேட்டால் பெயர் சொல்ல, ஊர் கேட்டால் ஊர்.
ஒத்திகையில் அழகாக விழுவான்.
பயிற்சியாளர் நீமி கைதட்டுவார்.

மினியாபொலிஸ். மார்ச்.
முதல் சுற்றில் ட்ராஸ்க் அவனை அடிக்கவே இல்லை.
வீடு வாங்க வந்தவன்
சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல
இங்கே ஒன்று, அங்கே ஒன்று.

இரண்டாம் சுற்று, ஒன்றரை நிமிடம்.
ஒலாவி குறிபார்த்தான் என்று சொல்லமாட்டேன்.
தாதைக் குத்தும் அதே அசைவு,
தோளிலிருந்து, கண்ணை மூடிக்கொண்டு.
சாம்பியன் உட்கார்ந்துவிட்டான்.
பதினோராயிரம் பேர் மூச்சு
உள்ளே போனது. வெளியே வரவில்லை.

ஒலாவி அங்கேயே நின்றான்.
பிறகு குனிந்தான்.
துறையில் எவன் வழுக்கினாலும்
பக்கத்தில் இருப்பவன் கைகொடுப்பான்,
கீழே ஏரி.
கையுறைக்குள் இருந்த கை பாதிவழி நீண்டது.

நடுவர் எண்ணவில்லை.
தூரத்து மூலையைக் காட்டிக் கத்தினார்.
வீழ்த்தியவன் அங்கே போய் நின்றால்தான்
ஒன்று என்பதே ஆரம்பம்.
விதி எனக்குத் தெரியும். நீமிக்கும் தெரியும்.
ஆறு வாரத்தில் ஒருவரும் சொல்லவில்லை,
தேவைப்படும் என்று
ஒருவரும் நினைக்கவில்லை.

ஒலாவி நேராக என்னிடம் வந்தான்,
அவனுக்குத் தெரிந்த ஒரே மூலைக்கு.
"எங்கே போகணும்?"
வாளியோடு கையை நீட்டிக் காட்டினேன்.
தண்ணீர் முழுக்க என் காலில்.

ஆறு நொடி என்றது ஒரு செய்தித்தாள்.
ஒன்பது என்றது இன்னொன்று.
எழுந்து வந்த ட்ராஸ்கின் முகத்தில் கோபம் இல்லை.
தாமதமாக வேலைக்கு வந்தவன்
சட்டைக் கையை மடிப்பதுபோல் ஒரு முகம்.

மிச்சம் ஊர் அறியும்.
ஆறாம் சுற்றுக்குள் ஏழு முறை.
ஏழும் கற்றுக்கொடுத்தபடியே,
நாடி மார்பில், எட்டுவரை ஒரு முழங்கால்.
கடைசித் தடவை நடுவர் ஊர் கேட்டார்.
"எந்த மூலை?" என்றான் ஒலாவி.
நீமி துண்டை எறிந்தார்.

வரி போக, பைக்கின் பங்கு போக
மிஞ்சியதில் ஒரு பழைய லாரி.
மது விடுதியில் எவனாவது
அந்த நொடிகளை எண்ண ஆரம்பித்தால்
எழுந்து வெளியே போய்
லாரியின் எண்ணெய் பார்ப்பான்.
நான் என் கோப்பையைப் பார்ப்பேன்.

ஏப்ரலில் ஏரி உடைந்தது.
முதல் கப்பல் வந்த காலை,
ஈரப் பலகையில் நான் வழுக்கினேன்.
பின்னாலிருந்து காலரைப் பிடித்தது
ஒரு கம்பளிக் கையுறை.
நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
"வாளி" என்றான்.
எட்டிப் பார்த்தேன்.
பனிக்கட்டிகளுக்கு நடுவே
என் சாப்பாட்டு வாளி
மூடி திறந்தபடி
போய்க்கொண்டிருந்தது.